பாம்பைத் தேடி வந்த கேமரா

(தமிழ் ஆவணப்படத்தின் கதை – 11)

ஏ.கே. செட்டியாரோடு சென்ற பகுதி முடிந்தது. 1930-களில் டோக்கியோவுக்குப் போய்ப் புகைப்படக் கலை படித்த கோட்டையூர்க்காரர். காந்தியைப் பற்றி எங்கெங்கோ கிடந்த படச்சுருள்களை ஐம்பதாயிரம் அடி அளவுக்குத் தேடிச் சேர்த்து, பன்னிரண்டாயிரம் அடியாக்கி, 1940-இல் தமிழில் திரையிட்டவர். தமிழ் ஆவணப்படம் அப்படி உலகறிந்த ஒரு மனிதரிடம் தொடங்கியது. இந்தப் பகுதியில் அதற்கு நேரெதிர்த் திசையில் போகிறோம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கடற்கரை வரை ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் புறம்போக்கிலும் குடிசை போட்டு வாழ்ந்துவரும் இருளர்களின் பக்கம்.

இவர்களைக் கேமரா கண்டுகொள்ளவே இல்லை என்று சொன்னால் பொய். நூறாண்டுக்கும் மேலாக வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு எதையோ தேடி வந்தது என்பதுதான் சங்கதி.

முதலில் அளவெடுக்கும் கருவிகளோடு வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1901-இல் தொடங்கிய இனவரைவியல் ஆய்வுக்கு இந்த மாகாணத்தில் பொறுப்பாளர். மூக்கின் அகலம், தலையின் நீளம் என்று அளந்து எழுதிக்கொள்வதும் படம் பிடிப்பதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பாதிகள். 1909-இல் ரங்காச்சாரியின் துணையோடு அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் செங்கல்பட்டு இருளருக்கும் இடம் உண்டு. அப்போதே அவர்கள் காட்டைப் பாதி இழந்திருந்தார்கள். 1882-இன் சென்னை வனச் சட்டம் வந்தபிறகு, தேனும் கிழங்கும் மூலிகையும் எடுத்த இடத்துக்குள் போக அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. தர்ஸ்டனின் பக்கங்களில் மூக்குக்குக் கிடைத்த கவனம் இந்தச் சட்டத்துக்குக் கிடைக்கவில்லை.

காடு போனபின் கையில் மிஞ்சியது பாம்பும் எலியும். இருளர் மகுடி ஊதி வித்தை காட்டுகிறவர்கள் அல்லர். மண்ணில் கிடக்கும் தடம், வளைவாயில் வழுவழுப்பு, உரித்த சட்டை, எச்சம் இவற்றைப் பார்த்து உள்ளே என்ன பாம்பு, இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்கிறவர்கள். கடப்பாரையால் வரப்பு உடையாமல் தோண்டி எடுப்பார்கள். இருபதாம் நூற்றாண்டில் இந்த அறிவுக்கு ஒரே வாடிக்கையாளர் தோல் வியாபாரிதான். பாம்புத் தோல் பதனிடப்பட்டு மேல்நாடுகளுக்குப் பையாகவும் செருப்பாகவும் போனது. பிடித்தவருக்குக் கிடைத்தது சில்லறை. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்புக்கு அது நல்ல காலம். பாம்பு பிடித்தவர் வீட்டில் உலை வைக்க வழியில்லை. ஒரே சட்டம் இருவருக்கும் எப்படி வெவ்வேறாகப் பொருள்பட்டது என்பதை அந்நாளில் யாரும் படமெடுத்திருந்தால், இந்தத் தொடரில் இந்தப் பகுதி வேறு மாதிரி இருந்திருக்கும்.

அந்த இடைவெளியில்தான் ராமுலஸ் விட்டேக்கர் வருகிறார். 1943-இல் நியூயார்க்கில் பிறந்து, சிறுவனாக இந்தியாவுக்கு வந்து, பாம்புகளைப் பற்றி இருளரிடமே பாடம் கேட்டவர். சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கியவர். 1976-இல் கிழக்குக் கடற்கரையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை அமைத்தவர்களில் ஒருவர். 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. யோசனை எளிமையானது. தோலுக்காகக் கொல்ல வேண்டாம். விஷத்துக்காகப் பிடிக்கலாம், எடுத்தபின் விட்டுவிடலாம்.

அது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அனுமதி நான்கு வகைகளுக்குத்தான்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பிடித்துவந்த பாம்பை மணல் போட்ட மண்பானைக்குள் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். வாரம் ஒரு முறை எடுத்து, கண்ணாடிக் குப்பியின் மேல் கட்டிய சவ்வைக் கடிக்க வைப்பார்கள். மஞ்சளாக ஒரு துளி இறங்கும். மூன்று நான்கு வாரங்களில் நான்கு முறை. பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டி, காட்டில் கொண்டுபோய் விடுவார்கள். அதே பாம்பு மறுபடி சிக்கினால் செதில் சொல்லிவிடும். எடுத்த விஷம் உறைநிலையில் உலர்த்தப்பட்டுப் பொடியாகி, மருந்துக் கம்பெனிகளுக்குப் போகும். குதிரைகளுக்கு அதைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, குதிரை ரத்தத்திலிருந்து முறிமருந்து எடுப்பார்கள். இந்தியாவில் பாம்புக்கடிக்கு ஏற்றப்படும் மருந்தில் பெரும்பகுதி இந்தப் பானைகளிலிருந்து புறப்பட்டது. 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் நாட்டில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. பிழைத்தவர்கள் எத்தனை பேரின் உடம்பில் செங்கல்பட்டு இருளரின் கைவேலை ஓடுகிறது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

ஓர் ஒளிப்பதிவாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வெறுங்கை, படமெடுத்த பாம்பு, கண்ணாடி, மஞ்சள் துளி. இருட்டறையில் ஒரு விளக்கு வைத்தால் போதும்.

சேகர் தத்தாத்ரி, பதின்மூன்று வயதில் சென்னைப் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராக நுழைந்தவர். பிற்காலத்தில் ‘அமைதிப் பள்ளத்தாக்கு’ மழைக்காட்டைப் பற்றி எடுத்த படத்தால் புகழ்பெற்றவர். அவருடைய ஆரம்பகாலப் படம் இந்தச் சங்கத்தைப் பற்றியது: ‘எ கோஆப்பரேடிவ் ஃபார் ஸ்னேக் கேட்சர்ஸ்’. 1980-களின் பிற்பகுதியில் வந்தது. தேசிய விருதும் வாங்கியது. எந்தப் பிரிவில்? சிறந்த அறிவியல் படம். பெயரிலேயே கூட்டுறவு இருக்கிறது, பிடிக்கிறவர் இருக்கிறார். அதாவது உழைப்பைப் பற்றிய, ஒரு சமூகம் தன் தொழிலை மீட்டுக்கொண்டதைப் பற்றிய படம். அரசின் அலமாரியில் அது அறிவியலுக்குள் போய் உட்கார்ந்தது. படத்தைக் குறை சொல்லவில்லை. இருளரைக் காட்டுவாசிகள் என்று ஒதுக்கிப் பேசிய காலத்தில், அவர்களை நிபுணர்களாகக் காட்டியது சின்ன விஷயம் அல்ல. குறை பின்னால் வந்தவர்களிடம். முதலைப் பண்ணை வாசலில் வேன் நிறுத்தி இறங்கிய வெளிநாட்டுத் தொலைக்காட்சிக் குழுக்கள் அதே பானையை, அதே கையை, அதே துளியை எடுத்துக்கொண்டு போயின. கையை எடுத்தவர்கள் கொஞ்சம் மேலே போய் முகத்தை எடுத்தார்கள். அந்த முகத்துக்குரியவர் சாயங்காலம் எந்த வீட்டுக்குப் போகிறார், அந்த வீட்டுக்குப் பட்டா உண்டா, மழைக்காலத்தில் கூரை என்ன ஆகும் என்று பின்னாலேயே போனவர் அபூர்வம்.

போயிருந்தால் பார்த்திருக்கக்கூடியவை பல. பாம்பு பிடிக்க ஆண்டுதோறும் வனத்துறை அனுமதி வர வேண்டும். தாமதமானால் பானைகள் காலி, கூலியும் இல்லை. சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் சில நூறு பேர்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு இருளர் தொகை 1,89,661. மற்றவர்கள் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடித்தார்கள், விறகு வெட்டினார்கள், முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் குடும்பத்தோடு போனார்கள். கொத்தடிமை முறை 1976-இலேயே சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு இந்த வட மாவட்டங்களில் மீட்கப்பட்டவர்களின் பட்டியலில் இருளர் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. பழங்குடிச் சான்றிதழ் தனிக்கதை. கோட்டாட்சியர் விசாரித்துத் தர வேண்டும். கேட்டுப் போனால் “பாம்பு பிடிக்கத் தெரியுமா?” என்று கேட்பார்கள் என்பது குடியிருப்புகளில் கசப்போடு சொல்லப்படுகிற பேச்சு. திரையில் பார்த்ததைத்தானே அலுவலகத்திலும் கேட்பார்கள்.

இங்கே கொஞ்சம் ஜப்பானுக்குப் போய்வருவோம். செட்டியார் படித்துவிட்டுத் திரும்பிய நாடு, போருக்குப் பிறகு ஆவணப்படத்தில் வேறொரு பாதையைக் கண்டது. மினமாட்டா என்ற கடலோர ஊரில், சிஸோ என்ற இரசாயனத் தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மனிதர்களுக்குள் போய் நரம்புகளைச் சிதைத்தது. 1956-இல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. 1965-இல் தொலைக்காட்சிக்காகப் படமெடுக்கப் போனார் சுச்சிமோட்டோ நொரியாக்கி. ஊரைப் பொதுவாக எடுத்துக்கொண்டிருந்தபோது, கருவிலேயே நோய் தாக்கிய ஒரு குழந்தையின் தாய், தன் பிள்ளையைக் கேளாமல் எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து அவரைத் திட்டித் தீர்த்தாள். மனிதர் ஆடிப்போனார். கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்த ஊருக்குப் போகும் தகுதி தனக்கு உண்டா என்ற கேள்வி சில ஆண்டுகள் அவரை விடவில்லை. 1970-இல்தான் திரும்பினார். அடுத்த ஆண்டு வந்த மினமாட்டா படம் உலகமெங்கும் பேசப்பட்டது. ஆனால் என் கணக்கில் அதைவிடப் பெரிய காரியம் அவர் 1977-இல் செய்தது: புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஷிரானுயி கடலோர மீனவ ஊர்களுக்குப் போய், அவர்களைப் பற்றி எடுத்த படங்களை அவர்களுக்கே போட்டுக் காட்டினார். நோயை மறைத்து வைத்திருந்த ஊர்கள் அவை.

அவருடைய சமகாலத்தவர் ஒகாவா ஷின்சுகே, நரிட்டா விமான நிலையத்துக்கு நிலம் தர மறுத்த உழவர்களோடு பல ஆண்டுகள் தங்கி வரிசையாகப் படங்கள் எடுத்தார். பிறகு யமகாட்டா மாகாணத்தின் மகினோ கிராமத்துக்குக் குழுவோடு குடிபெயர்ந்து, நெல் பயிரிட்டுக்கொண்டே படம் எடுத்தார். 1989-இல் தொடங்கிய யமகாட்டா ஆவணப்பட விழாவுக்கு அவர்தான் உந்துதல். அந்த மரபு இன்றும் அறுபடவில்லை. ஹனாபுசா ஆயாவின் 2013 படம் ஒன்று, ஒசாகா பக்கத்து இறைச்சிக்கடைக் குடும்பத்தைப் பற்றியது. மாடு வளர்த்து, அறுத்து, விற்பவர்கள். தோலில் மேளம் கட்டுபவர்கள். அந்தத் தொழிலுக்காகவே புராகு மக்கள் என்று தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டவர்கள். பறை எங்கே, யார் கையில் என்று அறிந்த தமிழருக்கு இந்தப் படத்துக்கு விளக்கவுரை வேண்டாம். சோடா கசுஹிரோ இன்னும் கறார்: முன்னாய்வு கிடையாது, திரைக்கதை கிடையாது, பின்னணிக்குரல் கிடையாது, இசை கிடையாது. உஷிமாடோ என்ற துறைமுக ஊரின் வயதான மீனவர்களை அவர் அப்படித்தான் எடுத்தார். 2020-இல் ஹரா கசுவோ மினமாட்டாவைப் பற்றி மறுபடி எடுத்த படம் ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. நோய் கண்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் ‘யார் நோயாளி’ என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்த மனிதர்கள் அதில் வருகிறார்கள். சான்றிதழுக்கு அலையும் இருளருக்கு அந்த மனிதர்களை உடனே புரிந்துவிடும்.

ஜப்பானியர் உயர்ந்தவர், நம்மவர் தாழ்ந்தவர் என்று சொல்ல வரவில்லை. அங்கே அப்படித் தங்கிப் படமெடுத்தவர்கள் கடனிலும் வறுமையிலும் உழன்றார்கள். நம் ஊரில் ஆவணப்படத்துக்குப் பணம் கொடுத்ததே 1948-இல் அமைந்த பிலிம்ஸ் டிவிஷனும், பிற்பாடு தொண்டு நிறுவனங்களும், வெளிநாட்டுச் சேனல்களும்தான். மூவருக்கும் அவசரம். பிலிம்ஸ் டிவிஷனுக்குத் திட்டத்தின் பயன் தெரிய வேண்டும். தொண்டு நிறுவனத்துக்கு ஆண்டறிக்கைக்கு முன் படம் வர வேண்டும். சேனலுக்குப் பாம்பு வேண்டும்.

இந்தக் கடற்கரையில் அதற்கு வெளியே நின்றவர் என்று சொன்னால் மதுரைக்காரர் ஆர்.பி. அமுதன். 1998 முதல் மதுரையில் ஆவணப்பட விழா நடத்திவருபவர். மலம் அள்ளும் ஒரு பெண்ணின் வேலையைப் பின்தொடர்ந்த ‘பீ’ படத்தை எடுத்தவர். கதிர்வீச்சைப் பற்றிய அவருடைய மூன்று படங்களில் ஒன்று மணவாளக்குறிச்சி, மற்றொன்று கூடங்குளம், இன்னொன்று கல்பாக்கம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தை ஒட்டி 1984 முதல் மின்சாரம் தரும் அணுமின் நிலையம் அது. சுற்றியுள்ள குப்பங்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் வேலிக்கு வெளியிலிருந்து எதைப் பார்க்கிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதை அமுதன் அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தார். படம் அழகாக இருக்க வேண்டும் என்ற கவலையே அவருக்குக் கிடையாது. சில இடங்களில் அந்த அலட்சியம் எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் பேசுகிறவரை நடுவில் வெட்டாத பொறுமை அவரிடம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையையும் அடித்தது. கல்பாக்கம் ஊழியர் குடியிருப்பிலும் உயிர்கள் போயின. சுனாமியில் தன் கேமராவையே இழந்து பிழைத்த ஆர்.வி. ரமணி அந்த அனுபவத்தை ஒரு தனிப்படமாக்கினார். அதைப் பற்றிப் பின்னால் ஒரு பகுதியே வரும்.

திரும்பவும் இருளரிடம். ஆண்டுக்கு ஒரு முறை அவர்களைத் தேடி கேமராக்கள் கூட்டமாக வரும் நாள் மாசி மகம். பௌர்ணமியை ஒட்டி வடமாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு மூட்டை முடிச்சோடு வந்து, புடவையும் தார்ப்பாயும் கட்டிக் கூடாரம் போடுவார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட கன்னியம்மாளை வீட்டுக்குக் கூப்பிடும் திருநாள். விடியலில் ஈர மணலைக் குவித்து ஏழு படி கட்டி, பூவும் பழமும் வைத்துப் படைப்பார்கள். சாமி வந்து ஆடுகிறவர்களிடம் குறி கேட்பார்கள். பெண் பார்ப்பதும் நிச்சயிப்பதும் அங்கேயே. தாலி கட்டுவதும் அந்த மணலில்தான். ஐயர் இல்லை, மண்டப வாடகை இல்லை. 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கடற்கரைக் கோயிலின் கோபுரம் பின்னால் தெரியும்படி எடுத்த படங்கள் பத்திரிகைகளில் ஆண்டுதோறும் வரும். அழகான படங்கள்தான். அந்த ஆயிரக்கணக்கானோருக்கு அந்த இரண்டு மூன்று நாள் குடிநீரும் கழிப்பறையும் எங்கே என்ற விஷயம் மட்டும் படத்தின் ஓரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும்.

2017-இல் கேமரா புளோரிடா வரை போனது. அங்கே சதுப்பு நிலங்களில் பெருகி, முயல், மான் எல்லாவற்றையும் விழுங்கித் தீர்த்த பர்மிய மலைப்பாம்பைப் பிடிக்க முடியாமல் திணறியவர்கள், சென்னேரியைச் சேர்ந்த மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்தார்கள். புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஏற்பாடு. முதல் இரண்டு வாரத்துக்குள் பதிமூன்று பாம்பு. அதில் ஒன்று பழைய ஏவுகணைத் தளத்தில் ஒளிந்திருந்த பதினாறு அடிப் பெட்டை. அமெரிக்கச் சேனல்கள் அதை அதிசயமாகக் காட்டின. இங்கே செங்கல்பட்டில் அது அன்றாட வேலை. 2018-இல் விட்டேக்கருக்குப் பத்மஸ்ரீ. மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-இல். சங்கம் பதிவாகி அப்போது நாற்பத்தைந்து ஆண்டு ஆகியிருந்தது.

இதற்கிடையில் நடந்த ஒன்று ஆவணப்பட வரலாற்றில் சேருமா என்று சிலர் கேட்கலாம். சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. 2021 அக்டோபரில் மாமல்லபுரம் ஸ்தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து தன்னை எழுப்பி அனுப்பியதாக, பக்கத்துப் பூஞ்சேரியைச் சேர்ந்த ஒரு நரிக்குறவர் பெண் கைக்குழந்தையோடு நின்று பேசிய காட்சி செல்போன்களில் பரவியது. பின்னணிக்குரல் கிடையாது, இசை கிடையாது. சோடா கசுஹிரோவுக்குக்கூடப் பிடித்திருக்கும். இரண்டொரு நாளில் அறநிலையத் துறை அமைச்சர் அதே கோயிலில் அவரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளி அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே போய், நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் இருளரைப் பற்றிய ‘ஜெய் பீம்’ திரைப்படம் வெளியாகி, ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தது. 2023 தொடக்கத்தில் நரிக்குறவர் பழங்குடிப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டார்கள். அது பல பத்தாண்டுக் கோரிக்கை. ஒரு காணொளியால் வந்ததல்ல. ஆனால் பட்டா வந்த வேகத்துக்குக் காரணம் அந்தக் காணொளிதான்.

மினமாட்டாத் தாய் கேமராவைப் பார்த்துக் கோபப்பட்டாள். பூஞ்சேரிப் பெண் கேமரா வழியாக நம்மைப் பார்த்துக் கோபப்பட்டார். திட்டு வாங்கிய சுச்சிமோட்டோ அந்த ஊரை அதன்பின் விடவே இல்லை. 2008-இல் இறக்கும் வரை மினமாட்டா அவருடைய ஊராக இருந்தது. பூஞ்சேரிக்கு அந்த வாரம் வந்த சேனல் வண்டிகள் தீபாவளி மறுநாள் கிளம்பிவிட்டன. பட்டா வாங்கியவர்கள் வீடு கட்டினார்களா, சான்றிதழ் வாங்கிய பிள்ளைகள் எந்த வகுப்புவரை போனார்கள், பந்தியில் இப்போது யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? இதை எடுக்க விமானம் ஏற வேண்டாம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் இருக்கிறது.

(தொடரும்)